தவணை தவறாத மரணம்

சித்ரலேகா செத்துப்போய் அன்றோடு பதினேழு நாள்!

அந்தச் செய்தி அவளுக்கே காலை பத்தரை மணிக்குத்தான் தெரிந்தது.

லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தபோது செல்போன் அலறியது. எடுத்தாள்.

"பா. சித்ரலேகாவோட வீட்டுலருந்தா பேசுதிய?"

"சித்ரலேகாதான் பேசுதேன். சொல்லுங்க."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"வெளையாடாதியம்மா. அவங்க எறந்துட்டாங்கல்லா?"

"என்னது?"

"நான் பேங்க் லோன் செக்‌ஷன் ஹசன் அலி. நீங்க சித்ரலேகான்னா உடனே கிளம்பி வாங்க. ஆதார், பான் கார்டு ஒரிஜினல் வேணும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "முக்கியமா... உயிரோட வாங்க."

அவள் மீட்டிங்கைப் பாதியிலேயே மூடினாள். மூடாமல் என்ன செய்வாள்?

வயது இருபத்தாறு. பாளையங்கோட்டையில் உட்கார்ந்து பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை. மாதம் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். மகாராஜ நகரில் ஒரு சின்ன வீட்டுக்கு முப்பது லட்சம் லோன் கேட்டிருந்தாள். சேர்த்த ஆறு லட்சத்தையும் அட்வான்ஸாகக் கொடுத்தாயிற்று. இன்று மாலை ஐந்துக்குள் பேங்கின் சம்மதக் கடிதத்தைக் காட்டாவிட்டால் அந்த ஆறு லட்சம் கோவிந்தா!

அப்பாவுக்குத் தெரியாமல் செய்த காரியம். தன் பேரில் ஒரு கதவு வேண்டும், அதை உள்ளேயிருந்து தாழ் போட வேண்டும்... அவளுடைய ஆசை அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு ஹசன் அலியின் மேஜை முன்னால் இருந்தாள். ஐம்பது வயதுக்காரர். ஆதார் போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கதான். இதுல சந்தேகமே இல்ல. இப்ப இதப் பாருங்க."

ஸ்கிரீனைத் திருப்பினார். அவளுடைய கடன் அறிக்கை.

"எனக்குக் கடனே கெடையாது சார்! கிரெடிட் கார்டு கூட இல்ல. கடன் வரலாறே இல்லாதவளுக்கு லோன் குடுப்பாங்களோன்னு பயந்துதான் வந்தேன்."

"வரலாறு இல்லையா? பாடப் புத்தகம் அளவுக்கு இருக்கும்மா! நாலு வருசத்துக்கு முந்தி செல்போன் கடன். அப்புறம் பைக்கு. அப்புறம் மூணு லட்சம் தனிநபர் கடன். எல்லாமே மாசம் அஞ்சாந்தேதி டாண்ணு கட்டியிருக்கு. ஸ்கோர் எழுநூத்தித் தொண்ணூத்தியொண்ணு! எங்க மேனேஜருக்கே இவ்வளவு கெடையாது."

"நான் வாங்கவே இல்லையே..."

"கடேசியா ஒரு கம்பெனில பதினெட்டு லட்சம் வியாபாரக் கடன். மூணு தவணை கட்டியிருக்கு. நாலாவது தவணைக்கு முந்தி நீங்க எறந்துட்டிய. கடன் வாங்குனவங்க எறந்தா பாக்கிய இன்சூரன்ஸ் அடைக்கும். அடைச்சிட்டு! அந்தக் கம்பெனிக்கு போன் போட்டு இத வாங்குனேன்."

ஒரு தாளை நீட்டினார். இறப்புச் சான்றிதழ். அவளுடைய பெயர். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். அவர்களுடைய குலசாமி கோயில் இருக்கிற ஊர்!

"திருடன் எதுக்கு சார் தவணை தவறாமக் கட்டணும்?"

"அதாம்மா தொழிலு! சின்னச் சின்னதா வாங்கி ஒழுங்காக் கட்டுனா பேருக்கு மதிப்பு ஏறும். ஏறுனதும் பெருசா ஒண்ணு அடிக்கது. நல்ல சம்பளம் வாங்குத பிள்ள, சொந்தமா ஒரு கார்டு வாங்கிப் பைய பேரெடுத்திருந்தா நீங்களே இத எப்பவோ பாத்திருப்பிய. நீங்க செய்ய வேண்டிய வேலைய எவனோ உக்காந்து செஞ்சிருக்கான்."

"ஓடிபி எந்த நம்பருக்குப் போச்சு சார்?"

"கடேசி நாலு எண்ணு மட்டுந்தான் தெரியும். நாலு... நாலு... ஒண்ணு... ஏழு."

சித்ரலேகா அந்த நான்கு எண்களையும் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள்.

அது அப்பாவின் நம்பர்!

அவர்கள் வீட்டில் அதுதான் வழக்கம். பெண்பிள்ளையின் நம்பர் கண்ட கண்ட ஆபீசுக்குப் போகக் கூடாது என்று ஆதாரிலிருந்து பான் கார்டு வரை எல்லாவற்றிலும் அப்பாவின் நம்பர்தான். இந்த வீட்டு லோனுக்குத்தான் முதன்முதலாகத் தன் சொந்த நம்பரை எழுதியிருந்தாள். அதனால்தான் இந்தப் போன் அவளுக்கு வந்தது.

முதல் சம்பளத்தோடு வந்த கிரெடிட் கார்டை அப்பா கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டதும் ஞாபகம் வந்தது. 'நம்ம குடும்பத்துல கடன் வாங்குனவன் கெடையாதுட்டி!' என்றாரே... அதைக் கேட்டு அவளும் பெருமைப்பட்டாளே! மடச்சி!

"இன்னைக்கு லோன் சார்?"

"செத்தவங்களுக்கு எப்படிம்மா குடுக்க? போலீஸ்ல புகார் குடுங்க. விசாரிச்சு எல்லாத்தையும் அழிச்சிருவாங்க. நல்லதும் சேந்து அழிஞ்சிரும். அப்புறம் ஒண்ணாங்கிளாஸ்லருந்து ஆரம்பிக்கணும்."

*

அப்பாவுக்கு வியாபாரம் கிடையாது; வீட்டில் அதைச் செய்கிறவன் அண்ணன்தான். ஜங்ஷனில் 'லேகா மொபைல்ஸ்'. அண்ணன் குமரவேலின் கடை. தங்கை பெயரையே வைத்திருக்கிறானே என்று திறப்பு விழா அன்று அவள் அழுதிருக்கிறாள்.

"ஏட்டி, நீ எங்க இங்கன?"

அறிக்கையை மேஜைமேல் போட்டாள். அவன் ஒரு பக்கம் படித்தான். வேர்த்துவிட்டது.

"சத்தம் போடாத... ஆளுவ நிக்காங்க."

"நான் இன்னும் ஒண்ணுமே பேசலண்ணே!"

குமரவேல் அவளைக் கடையின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"எம் பேருக்கு எவன்ட்டி கடன் குடுப்பான்? நாலு எடத்துல வாங்கிக் கட்டாம வுட்டவன் நான். உன் சம்பளச் சீட்டக் காட்டுனா ஓடி வந்து குடுக்கான்! ஓடிபி வந்தா அப்பா வாசிச்சுச் சொல்லுவாக."

"மாசாமாசம் எதுலருந்து கட்டுன?"

அவன் தரையைப் பார்த்தான்.

"நீ வீட்டுச் செலவுக்கு அறுவதாயிரம் குடுப்பேல்லா..."

அட பாவிகளா! அவள் பேரில் வாங்கிய கடனை அவள் பணத்திலேயே கட்டியிருக்கிறார்கள்!

"சரிண்ணே. திருடுன. அதுக்கு என்னய ஏன் கொன்ன?"

"கொன்னேனா?"

சான்றிதழைக் காட்டினாள். வாங்கிப் படித்தவன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுட்டி! தவணை கட்ட முடியல, கையத் தூக்கிட்டேன். கடன் அடைஞ்சிட்டுன்னு மெசேஜ் வந்ததா அப்பா சொன்னாக. ஏதோ தள்ளுபடின்னு நெனச்சேன்..."

நடிப்பில்லை. சான்றிதழை மறுபடி மறுபடி திருப்பிப் பார்த்தான்.

சித்ரலேகா அதற்குமேல் கேட்கவில்லை. அவன் தலைக்குமேல் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஜிஎஸ்டி பதிவுச் சான்றை மட்டும் ஒருமுறை வாசித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

*

குலசாமி கோயில் ஊரின் கிராம நிர்வாக அலுவலர் இசக்கித்தாய் இறப்புப் பதிவேட்டைப் புரட்டினாள்.

"ஆமா, இருக்கு. நல்லா ஞாபகம் இருக்கும்மா. கோயிலுக்கு வந்த எடத்துல பிள்ளைக்கு நெஞ்சுவலி, அன்னைக்கே எரிச்சாச்சுன்னு சொன்னாரு. ரெண்டு சாட்சிக் கையெழுத்தும் கொண்டாந்தாரு. தேம்பித் தேம்பி அழுதாரு, பாவம்!"

"யாரு?"

'தகவல் தந்தவர்' என்ற கட்டத்தில் இசக்கித்தாயின் விரல் நின்றது.

குண்டு குண்டான எழுத்து. கரும்பலகையில் இருபத்தெட்டு வருஷம் எழுதிப் பழகிய கை. கீழே... 'தந்தை' என்று உறவு முறை!

பாபநாசம்!

சித்ரலேகாவின் அப்பா!

அண்ணனாக இருந்துவிடக் கூடாதா என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்திருந்தாள். எப்படிப்பட்ட வேண்டுதல் பாருங்கள்!

"அவருக்கு நீங்க என்ன வேணும்?" என்றாள் இசக்கித்தாய்.

"செத்துப்போன பொண்ணு."

பதிவேடு கை நழுவி விழுந்தது.

நகல் வாங்கிக்கொண்டு திரும்பினாள் சித்ரலேகா. வழியில் மூன்று இடங்களில் ஸ்கூட்டர் நின்றது. எங்கெங்கே என்பது இப்போதைக்கு அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

*

மணி ஐந்தாக ஐந்து நிமிடம். பாபநாசம் வாத்தியார் ஈசிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி.

மகள் நகலை அவர் மடியில் வைத்தாள். பார்த்தார். மடித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"இதுக்காவா அம்புட்டு தூரம் போன? வெயில்ல..."

"பெத்த பிள்ளையக் கொல்ல எப்படிப்பா மனசு வந்துச்சு?"

"காயிதத்துலதானட்டி! நீ கல்லு கணக்கா நல்லாத்தான நிக்க? கடன்காரன் வாசல்ல வந்து நின்னா மானம் போயிரும்லா. அவன் ஆம்பளப்பிள்ள. ஜெயிலுக்குப் போனா அவன் பொழப்பு அம்புட்டுதான். நீ நாளைக்குக் கல்யாணமாகிப் போறவ. இனிசியல் மாறும், அட்ரஸ் மாறும், எல்லாம் புதுசா எடுத்துக்கிடலாம். பா. சித்ரலேகா பழசு. அது இருந்து யாருக்கு என்ன?"

அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். அதுதான் கொடுமை.

"பான் நம்பர் மாறாதுப்பா. எத்தன தாலி கட்டுனாலும் மாறாது! ஊருக்கெல்லாம் பாடம் சொன்னியளே, இது தெரியாதா?"

அவர் கண் ஒரு விநாடி அலைபாய்ந்தது. அதற்குள் அவள் செல்போன் அடித்தது. மகாராஜ நகர் வீட்டை விற்கிறவர், அருமைநாயகம்.

"மணி அஞ்சாயிட்டு பாப்பா. கடிதம் வரலையே? வருத்தந்தான். ஆனா பேச்சுன்னா பேச்சுல்லா."

"சரி அண்ணாச்சி."

ஆறு லட்சம் போனது. கதவும் போனது. கண்ணில் நீர் முட்டியது. அவர் முன்னால் அழுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"யாரு? என்ன கடிதம்?"

சொன்னாள். வாத்தியார் பேப்பரை வீசி எறிந்தார்.

"எங்கிட்டச் சொல்லாம வீடா? பெத்தவன்ட்ட மறைச்சிக் காரியம் பண்ணா உருப்படுமா?"

கேட்டார், ஐயா! வாய் கூசாமல் கேட்டார்!

மகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. குரலை இறக்கினார்.

"சரி, போனது போட்டும். வெளிய மூச்சு விடாத. இந்த மாசப் பணத்த மட்டும் போட்டுவிட்டுரு."

அப்போது அவருடைய போன் அலறியது. குமரவேல் போட்ட சத்தம் சித்ரலேகாவுக்கே கேட்டது.

"அப்பா! வெளிய போயிட்டு வாரதுக்குள்ள கடைக்குப் பூட்டு போட்டிருக்கு! கட்டடத்துச் சொந்தக்காரரு என்னய யாருன்னு கேக்காரு! வாசல்ல போலீசு வேற நிக்கி!"

வாத்தியார் மகளைப் பார்த்தார். அவள் ஹேண்ட்பேக்கிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணன் பேருக்குத்தான் எவனும் எதையும் குடுக்க மாட்டானே! வாடகை ஒப்பந்தம், ஜிஎஸ்டி, சரக்கு பில்லு... எல்லாத்துலயும் ஓனரு பா. சித்ரலேகாதான். வர்ற வழியில மூணு எடத்துல நின்னேன். போலீஸ் ஸ்டேஷன், பூட்டுக் கடை, கடைக் கட்டடத்துச் சொந்தக்காரரு. கடன் என்னோடதுன்னா கடையும் என்னோடதுதானப்பா? அடைச்ச பணத்துக்குச் சரக்க இன்சூரன்ஸ்காரங்க எண்ணி எடுத்துக்கிடட்டும்."

தெருவில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"சட்டையப் போடுங்க. உங்களப் பாக்கத்தான் வாராங்க."

பாபநாசம் வாத்தியாருக்கு முகமெல்லாம் வேர்த்து விபூதி கரைந்தது. அப்போதும் அவருக்கு மானம்தான் பெரிதாக இருந்தது.

"செத்தவ வந்து எப்படிட்டி கடையப் பூட்டுவா? ஊர்க்காரன் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

சித்ரலேகா எழுந்து போய் வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

"பேய் வந்து பூட்டிட்டுன்னு சொல்லுங்க. நம்பலைன்னா அதுக்கும் ஒரு சான்றிதழ் வாங்கிக் காட்டுங்க!"