ஒன்பது நிமிட வலி

காலை ஆறு மணிக்கு மூத்திரப் பைகளை மாற்றுவதுதான் பயிற்சிச் செவிலி இசக்கியின் முதல் வேலை. மற்றதையெல்லாம் கட்டில் தலைமாட்டுப் பலகை பார்த்துக்கொள்ளும். பலகை பச்சையாக இருந்தால் நோயாளி நலம். நாடி பிடிப்பதும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும் அந்தத் துறைமுக ஊர் ஆஸ்பத்திரியில் நின்றுபோய் நாற்பது வருடம் ஆகியிருந்தது.

ஏழாம் கட்டிலில் ஞானதுரை, உப்பள லாரி ஓட்டுபவர். முந்தின நாள் லாரியிலிருந்து விழுந்து இடது விலாவில் அடி. பலகை பச்சை. பத்து மணிக்கு இசக்கி பையைப் பார்த்தாள். நாலே சொட்டு. யாருக்கும் தெரியாமல் அவர் பாதத்தைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது.

எல்லோருக்கும் பிறந்த அன்றே கழுத்தெலும்புக்குக் கீழே ‘சமனி’ வைத்துவிடுவார்கள், கண்ணுகளா. அரிசி மணியளவு கருவி. வலி தெரியாது, காய்ச்சல் அடிக்காது. ரத்தம் குறைந்தால் தோல், குடல், சிறுநீரகம் என்று அங்கங்கே பிடுங்கி இதயத்துக்கும் மூளைக்கும் கொடுத்து, ரத்த அழுத்தத்தை நேராக நிறுத்தும். நம் உடம்பு கொஞ்ச நேரம் தானாகச் செய்வதைத்தான் அது கடைசிவரை செய்யும். பிடுங்க ஒன்றும் மிச்சமில்லாதபோது ஒரே நொடியில் கைவிட்டுவிடும். நோய் உடலியங்கியல் புத்தகத்தில் இதற்கென்று ஒரு பக்கம் உண்டு. பரீட்சைக்கு வராது என்று மற்றவர்கள் விட்டதை இசக்கி படித்திருந்தாள்.

“அக்கா, ஏழுக்கு உள்ள ரத்தம் கசியுது. ஸ்கேனுக்கு அனுப்புங்க.”

“ஏளா, பச்சையப் பாத்துட்டு உனக்கு என்ன பயம்?” மூத்த செவிலி ரெஜினா சிரித்தாள். “அரை மணி நேரம் சிவப்பு நின்னாத்தான் ஸ்கேன் ரூம் கதவே திறக்கும். நான் போய் முட்டவா?”

ஒரே வழிதான் இருந்தது. நோயாளி சம்மதித்தால் சமனியை நிறுத்தலாம்; பலகை உள்ளதைக் காட்டிச் சிவக்கும். அவர் போதும் என்றால் அந்தக் கணமே செவிலி அதை இயக்கியாக வேண்டும். அது சட்டம்.

“அரை மணிதான தாயி?” என்றார் ஞானதுரை. “வலின்னா எப்படித்தான் இருக்கும்னு பாத்துருவோம். எங்க தாத்தா கத கதயாச் சொல்லுவாரு.”

நிறுத்தினாள். பலகை சிவந்தது. அவர் முகம் வெளுத்து, வியர்வை வழிந்தது. இடது தோளைப் பிடித்துக்கொண்டு துடித்தார். மண்ணீரல் கிழிந்தால் வலி தோளிலும் தெரியும் என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது.

“உள்ள எவனோ இருக்கான்! வெளிய எடு!”

“வலிதான் அண்ணாச்சி. இன்னும் இருபத்தாறு நிமிஷம். எங்கையப் புடிச்சுக்கிடுங்க.”

ரெஜினா ஓடிப்போய் ஸ்கேன் அறைக் கதவைக் கையால் குத்தினாள். கதவு அசையவில்லை.

ஒன்பதாவது நிமிடம் அவர் இசக்கியின் மணிக்கட்டில் நகம் பதித்தார். “போடு தாயி. போதும். போடு.”

“போட்டா செத்துருவீங்க.”

“செத்தா வலிக்காதுல்லா?”

திரும்பி வந்த ரெஜினா சுவரைப் பார்த்தபடி, “போட்டுரு பிள்ளே,” என்றாள்.

இசக்கி போட்டாள்.

பலகை பச்சையானது. ஞானதுரை முகத்தைத் துடைத்துக்கொண்டு வெட்கமாகச் சிரித்தார். “தப்பா நினைக்காத தாயி. இப்ப நல்லாருக்கேன். மத்தியானம் எம்பொஞ்சாதி சாள மீன் கொழம்பு கொண்டாருவா. உனக்கும் ஒரு வாய் தரச் சொல்லுதேன்.”

மணி பத்தே முக்கால். அவர் மத்தியானம்வரை இருக்கமாட்டார்.

“அவங்கள இப்பவே வரச் சொல்லுங்க அண்ணாச்சி.”

“இப்பவா?” அவர் சிரித்தார். “கொழம்பு கொதிக்காண்டாமா?”