சும்மா மோட்டார்

ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் சுற்ற ஆரம்பித்தது. அது அப்படிச் சுற்றவே கூடாது.

பூவிழி ஸ்விட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கத்தான் போட்டாள். கரண்ட் இருந்தால் மோட்டார் நின்ற இடத்திலேயே ‘ம்ம்ம்’ என்று உறுமும், அவ்வளவுதான். யாராவது அதன் புல்லிச் சக்கரத்தில் கயிற்றை மூன்று சுற்று சுற்றி, வெடுக்கென்று இழுத்து அதற்குக் கை கொடுக்க வேண்டும். அது சுழலும்போது ஸ்விட்சைப் போட்டால்தான் கிளம்பும். கை கொடுக்கிறவர் முனியன், அவள் கணவனின் அண்ணன். அவர் இன்னும் வரவில்லை. அவருடைய நீல நைலான் கயிறு ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டின் அந்தக் கடைக்கோடி ஊருக்கு வீட்டு லைனில் ஒரே ஒரு பேஸ்தான் வரும். சாமை உரிக்கிற மெஷினுக்கோ மூன்று பேஸ் வேண்டும். ஆலங்காயத்தில் மோட்டார் காயில் கட்டும் சிங்காரம்தான் இந்தப் பழைய மோட்டாரைத் தேடிக் கொடுத்து வழியும் சொல்லிக் கொடுத்தார். இது எதையும் இழுக்காது, எதையும் அரைக்காது. சும்மா சுற்றும். அப்படிச் சுற்றும்போது வீட்டு லைனில் இல்லாத கரண்டை உண்டாக்கி, பக்கத்தில் இருக்கும் மெஷினுக்குக் கொடுக்கும். சும்மா மோட்டார் என்றே ஊரில் அதற்குப் பெயர். எந்தப் பக்கம் இழுத்துவிட்டாலும் அந்தப் பக்கமே ஓடும், அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது என்று சிங்காரம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

அவள் சாமையைக் கொட்டினாள். மெஷின் உமியைப் பிரிக்காமல், போட்டதையெல்லாம் கொட்டின வாய் வழியாகவே அவள் முகத்தில் திருப்பித் துப்பியது. மெஷின் தலைகீழாகச் சுற்றுகிறது. அப்படியென்றால் மோட்டாரும் முனியன் இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. அந்தப் பக்கமாக அதை இழுத்துவிட்ட ஆள் இந்த வீட்டில் ஒருவன்தான் இருந்தான். இடதுகைக்காரன். இளவரசன். அவள் கணவன். அவன் செத்துப் பத்து மாதம் ஆகிறது.

கார்த்திகை மாதத்து மத்தியானம். வெளியே மேகம் இறங்கி, வாசலில் இருந்த முருங்கை மரம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் ஊர் முழுக்க விளக்கும் டிவியும் போட்டுவிட்டால் வோல்டேஜ் படுத்துவிடும் என்பதால் அவள் எப்போதும் இந்த நேரத்தில்தான் மெஷின் ஓட்டுவாள். அந்த அறையில் உமித் தூசியின் வாசனை, சூடேறிய காயிலின் வாசனை, இரண்டுக்கும் அடியில் ஈரத் துண்டின் வாசனை. மூன்றாவது வாசனை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஸ்விட்சை அணைத்தாள்.

முனியன் வந்ததும் சொன்னாள். அவர் மோட்டாரைச் சுற்றி வந்தார், புல்லியை விரலால் தட்டிப் பார்த்தார்.

“தானா கிளம்புச்சா? நீ கை வச்சிருப்ப.”

“ஸ்விட்சு இங்க கீது மாமா. மோட்டாரு அங்க கீது. நான் எப்டி ரெண்டு இடத்துலயும் நிப்பேன்?”

முனியன் வெளியே போனார். ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான பாறைமேல் ஏறி சிங்காரத்துக்குப் போன் போட்டார். “அது ஜென்மத்துக்கும் தானா கிளம்பாதுங்க. யாரோ தொட்டிருக்காங்க,” என்று சொல்லிவிட்டு சிங்காரம் போனை வைத்துவிட்டார்.

யாரோ தொட்டிருக்கிறார்கள்.

தை மாதம் நடந்ததை ஊர் இப்படித்தான் அறியும்: இளவரசன் புளி உலுக்கப் போன இடத்தில் மரத்திலிருந்து விழுந்து செத்தான். அப்படிச் சொல்லச் சொன்னவர் முனியன்தான். வீட்டு லைனில் மெஷின் ஓட்டியது தெரிந்தால் கனெக்‌ஷனையே பிடுங்கிவிடுவார்கள், மெஷினும் போய்விடும், அப்புறம் அவளும் பிள்ளையும் எதை வைத்துப் பிழைப்பது என்று அழுதுகொண்டே சொன்னார். உடம்பைப் புளிய மரத்தடிக்குத் தூக்கிப் போனவரும் அவரே. ஆனால் முனியனுக்குக்கூடத் தெரியாத ஒன்று பூவிழிக்குத் தெரியும்.

அன்று காலையிலிருந்து அவளுக்கும் இளவரசனுக்கும் சண்டை. சந்தைக்குப் போனவன் பிள்ளைக்கு ஸ்வெட்டர் வாங்க மறந்து வந்துவிட்டான். அந்தச் சின்ன விஷயத்துக்கு அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றாள். பனியில் கயிறு நனைந்து வழுக்கியதால் அவன் அதை மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு இழுத்தான். கயிற்று முடிச்சு புல்லியின் வெட்டில் சிக்கிக்கொண்டது. எப்போதும் கயிறு கழன்று வந்த பிறகு அவன் “போடு” என்பான், அவள் போடுவாள். அன்று அவன் சொல்லவில்லை. அவள் காத்திருக்கவும் இல்லை. கோபத்தில் படாரென்று போட்டாள். கயிறு அவனை இழுத்துக்கொண்டு போனது.

மோட்டார் தானாகக் கிளம்பியதற்கு மறுநாள் அந்த ஸ்விட்சை அவள் வேண்டுமென்றேதான் போட்டாள். கேட்டால் பைத்தியம் என்பார்கள். பயத்தைவிடப் பெரியதாக ஒன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஏக்கம்தான் அது, வேறு பெயர் கிடையாது. முதலில் மோட்டார் உறுமியது. பிறகு சிமெண்ட் தரையில் வெறுங்கால் தேய்கிற சத்தம். புல்லி ஒருமுறை அசைந்தது. கிளம்பிவிட்டது.

“வந்துட்டியா?” என்றாள். அழுதாள். முனியனை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, மெஷின் நேராகச் சுற்றும்படி அதன் இரண்டு கம்பிகளை, இளவரசன் இழுத்த காலத்தில் இருந்தபடியே இடம் மாற்றிப் பொருத்திக்கொண்டாள். நான்கு நாள் அவளும் அந்தச் சத்தமும் மட்டும் அந்த அறையில் வேலை செய்தார்கள். சாமை அரிசி அத்தனை வெள்ளையாக அதற்கு முன் விழுந்ததே இல்லை. அந்த நாட்களில் அவள் சந்தோஷமாகக்கூட இருந்தாள்.

ஐந்தாம் நாள் மகள் கவியா அடுப்படியில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. தலையில் கட்டும் ரிப்பனை ஒரு தண்ணீர் பாட்டிலில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. ரிப்பனின் மறுமுனையை மணிக்கட்டில் சுற்றினாள். இடது கையால் இழுத்தாள். பாட்டில் கிறுகிறுவென்று சுற்றியது. மோட்டார் அறைக்குள் அந்தப் பிள்ளையை ஒருநாளும் விட்டதில்லை.

“யாருடி சொல்லிக் குடுத்தாங்க?”

“அப்பா.”

“இன்னா சொன்னாரு?”

“அவருக்குக் கை வலிக்குதாம். இனிமே நாந்தான் இழுக்கணுமாம். நீ போடணுமாம்.”

பூவிழி பிள்ளையின் மணிக்கட்டிலிருந்து ரிப்பனை உருவினாள். தன்னை எடுத்துக்கொண்டால் போகட்டும் என்றிருப்பாள். பிள்ளையை விடமாட்டாள். அந்த நிமிடமே போய் போர்டிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அறையைப் பூட்டினாள். சாவியைத் தாலிக் கயிறு இருந்த இடத்தில் ஒரு நூலில் கோத்துப் போட்டுக்கொண்டாள். பாறைமேல் ஏறி முனியனுக்குப் போன் செய்தாள்.

“மாமா, அந்த மோட்டாரு வூட்டுல இருக்கக் கூடாது. நாளைக்கே எடுத்துனு போய்டுங்க.”

“ஜீப்பு புடிச்சினு வர்றேன். மூணு மணிக்குள்ள வந்துடுவேன்.”

மறுநாள் மழை என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு. பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக் கட்டிலில் உட்கார வைத்து, எழுந்திருக்கக் கூடாது என்று நான்கு முறை சொன்னாள். மூன்று மணி இருக்கும், வாசலில் நின்று ஜீப் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். மேகம் காலடியில் புரண்டது. மழைநீர் ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் வேறொரு சத்தம் மெதுவாக, மிக மெதுவாக எழுந்தது.

ம்ம்ம்ம்.

முந்தானையைத் தடவினாள். பியூஸ் கட்டை அங்கேதான் இருந்தது.

உள்ளே ஓடினாள். கட்டிலில் கம்பளி மட்டும் கிடந்தது. மோட்டார் அறையின் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. சாவி அவள் கழுத்தில். உள்ளேயிருந்து கவியாவின் குரல்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு.”

நூலோடு சாவியை இழுத்துப் பூட்டில் நுழைத்தாள். இரண்டு முறை சாவி நழுவியது. கதவைத் தள்ளினாள்.

கவியா மோட்டாருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நீலக் கயிறு அவள் மணிக்கட்டில் இரண்டு சுற்று. புல்லியில் மூன்று சுற்று. இரண்டுக்கும் நடுவே கயிறு தொய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிள்ளையின் முகத்தில் பயமே இல்லை. சிரித்தாள்.

பூவிழி ஒரு அடி எடுத்து வைத்தாள்.

புல்லி அரைச் சுற்று திரும்பியது. தரையில் கிடந்த கயிறு கொஞ்சம் உள்ளே போனது.

நின்றாள். புல்லியும் நின்றது.

இன்னும் ஒரு அடி, பாதி அடி. புல்லி திரும்பியது. கயிறு தரையை விட்டு எழுந்தது. கதவிலிருந்து பிள்ளைக்கு ஆறு அடி தூரம். கயிற்றில் மிச்சம் இருப்பதோ மூன்று முழம்கூட இல்லை.

“கவியா. கண்ணு. கயித்தைக் கழட்டுமா.”

“கழலலமா. அப்பா புடிச்சினு கீறாரு.”

பூவிழி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அந்த இருட்டைப் பார்த்துப் பேசினாள். பத்து மாதமாக யாரிடமும் சொல்லாதது வெளியே வந்தது.

“நாந்தான் போட்டேன். நீ சொல்றதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். கோவத்துல போட்டுட்டேன்யா. எல்லார்கிட்டயும் சொல்றேன். புள்ளைய வுட்டுடு. நான் வர்றேன், என்னைக் கூட்டினு போ.”

உறுமல் தாழ்ந்தது. கவியா தலையைச் சாய்த்து இடைவெளிப் பக்கம் காது கொடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பாவுக்கு அது தெரியுமாம்மா.”

“அப்புறம் இன்னா வேணுமாம்?”

“நீ அசையாம நிக்கணுமாம். அன்னிக்கி மாதிரி அவசரப்படக் கூடாதாம். நின்னா எனக்கு ஒண்ணும் ஆகாதாம்.”

நின்றாள். மூச்சைக்கூட அடக்கினாள். புல்லி அசையவில்லை. நிற்க முடியும். ராத்திரி முழுக்க நிற்கச் சொன்னாலும் நிற்பாள், நாளைக்கும் நிற்பாள், சாகும்வரை நிற்பாள். பிள்ளை இருந்தால் போதும்.

கீழே ரோட்டில் ஜீப் வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தம்.

“பூவிழி! வந்துட்டேம்மா!”

முனியனின் செருப்புச் சத்தம் கற்பாதையில் ஏறத் தொடங்கியது. ஒரு அடி. புல்லி திரும்பியது. இன்னொரு அடி. திரும்பியது. கயிறு விறைக்க ஆரம்பித்தது. பிள்ளையின் கை அவளைக் கேட்காமலே முன்னால் நீண்டது. சிரிப்பு மெல்ல அணைந்தது.

“அம்மா, வலிக்குது.”

“மாமா! வராதீங்க! அங்கயே நில்லுங்க! மாமா!”

செருப்புச் சத்தம் ஒரு கணம் நின்றது.

பிறகு, அவள் அலறலைக் கேட்டுப் பதறிய முனியன், செருப்பை உதறிவிட்டு மேகத்துக்குள் வீட்டை நோக்கி ஓடி வர ஆரம்பித்தார்.