தொட்டில் கயிற்றுச் சத்தம்

உயிரோடு இருக்கிற தகப்பனுக்கு ஒரு போன் போட நேரமில்லாத ஆட்கள்தான் இந்தக் காலத்தில் செத்துப்போன பூட்டனைத் தேடிக் கடல் தாண்டி அலைகிறார்கள் என்று கருத்தையா நினைத்தார். வாய்விட்டும் சொன்னார். வேம்படிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஜெர்மன்காரிக்கு அது விளங்கவில்லை. கோவில்பட்டியிலிருந்து அவளைக் காரில் கூட்டிவந்த மணிராஜுக்கு விளங்கியது. அவன் அதை இங்கிலீஷில் சொல்லாமல் விழுங்கிக்கொண்டான்.

அப்போதுதான் கட்டில் காலருகே அந்த வெடிப்பைப் பார்த்தார். கோடையில் கரிசல் காடு வெடிப்பது புதிதல்ல. ஆனால் முற்றம் சரள் கொட்டி இறுக்கிய தரை. அவர் அறிய அது வெடித்ததில்லை.

அவள் பெரிய தாளொன்றை விரித்தாள். ஜெர்மனியில் ஏதோ கிராமத்துக் குடும்பமாம். பேருக்குக் கீழே பேராக, கோடு கோடாகப் பேரன் பேத்திகள் வரை இறங்கியது. ஒரே ஒரு பேருக்குக் கீழே மட்டும் கோடு இல்லை.

"லீனாவாம், அண்ணாச்சி. நாலு வயசு. தகப்பன் பாதிரியாரு. வெள்ளக்காரன் காலத்துல, மாட்டு வண்டியில புதூருக்குப் போகையில பேதி கண்டு செத்திருக்கு. பாதையோரம் ஒரு புஞ்சையில பொதைச்சிட்டுப் போயிட்டாவளாம். எங்கனன்னு தெரிஞ்சா ஒரு பூப் போட்டுட்டுப் போயிருவேன்ங்காவ."

"எங்க புஞ்சையில அப்படி ஒண்ணும் கிடையாது."

"ஒங்க புஞ்சையின்னு நான் சொல்லவே இல்லையே."

அவள் போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினாள். நாற்காலியில் ஏறி நின்ற வெள்ளைக் குழந்தை. காலில் பித்தளைக் கொக்கி வைத்த சப்பாத்து. கருத்தையா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போகும்போது அவள் செவ்வந்திப் பொட்டலத்தை அவர் கையிலேயே வைத்தாள். கண்ணில் பட்டால் நீங்களே போட்டுவிடுங்கள் என்றாளாம். நன்றி என்று தமிழில் வேறு சொன்னாள்.

கார் போனதும் வெடிப்பைப் பார்த்தார். கட்டிலைத் தாண்டி வாசலை நோக்கி நீண்டிருந்தது. மறுமுனை வண்டிப்பாதையில் இறங்கிக் காட்டுப்பக்கம் போனது. உச்சி வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, அதன் கூடவே, அது எங்கே போய் முடியும் என்று தெரிந்தே, நடந்தார்.

அது அவர் புஞ்சைக்குத்தான் போனது. அதில் கட்டில் அகலத்துக்கு ஓரிடத்தை அவருடைய அப்பா உழுததே இல்லை. வெள்ளைப்புள்ள தூங்குது என்று கலப்பையைத் தூக்கித் தாண்டி வைப்பார். போன கோடையில் பண்ணைக்குட்டை தோண்ட ஜேசிபி வந்தபோது கருத்தையா அதைச் சொல்லவில்லை. விரல் தண்டி எலும்புகள் மேலே வந்தன. மக்கிய தோலோடு ஒற்றைப் பித்தளைக் கொக்கியும் வந்தது. வெளியே தெரிந்தால் வேலை நின்றுவிடும். டிரைவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் பக்கத்தில் வாய் பிளந்து கிடந்த வெடிப்புக்குள் தள்ளினார். கையால் அல்ல, காலால். ஐப்பசி மழையில் கரிசல் ஊறி வாயை மூடிக்கொண்டது.

இப்போது அதே இடம் திறந்து கிடந்தது. முழங்கை நுழையும் அகலம். காய்ந்த மண் வாடை வரவில்லை. கைக்குழந்தை கக்கின பாலின் புளிச்ச வாடை, குளிர்ந்த காற்றோடு மேலே வந்தது. குனிந்து காது கொடுத்தார். அடியில், வெகு ஆழத்தில், மரத்தில் கயிறு உரசும் சத்தம். கிரீச். கிரீச்.

அது அவர் வீட்டுத் தொட்டில் சத்தம். பிரசவத்துக்கு வந்திருந்த பேத்தி காவியாவின் மூன்று மாதப் பிள்ளைக்கு அவரே உத்திரத்தில் கட்டிய சேலைத் தொட்டில்.

பூப் பொட்டலத்தை அப்படியே வெடிப்புக்குள் வீசிவிட்டு ஓடினார். வழியெல்லாம் கூடவே அந்தச் சத்தம். காலுக்கு அடியில். கொஞ்சம் முன்னால். அவரைவிட வேகமாக.

காவியா வேம்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"புள்ள எங்கன?"

"மடியிலதான கெடக்கான். கண்ணாடியப் போடுங்கன்னா போட மாட்டீய."

பிள்ளை அவள் மடியில். அப்படியென்றால் உள்ளே?

கிரீச்.

வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். சிமெண்டுத் தரை பிளந்திருந்தது. பிளவு தொட்டிலுக்கு நேர் கீழே முடிந்திருந்தது. காற்றில்லை. சேலை தரைக்கு ஒரு சாண் மேலே வரை கனத்துத் தொங்கி ஆடியது. மடிப்பிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீண்டிருந்தன. கைக்குழந்தைக் கால்கள் இல்லை. கணுக்கால் வரை கரிசல். ஒன்றில் பித்தளைக் கொக்கி. மற்றது வெறுங்கால். அதன் விரலிடுக்கில் செவ்வந்தி இதழ்.

"தூங்கிட்டான் தாத்தா. தொட்டில்ல போடுதேன்."

"வேண்டாம். இங்கனயே வச்சிரு."

"இங்கன வெயில் வந்துட்டு. ஏன் வேண்டாம்?"

ஏன் என்று சொல்லப் புகுந்தால் ஜேசிபியில் தொடங்க வேண்டும். டிரைவருக்கு டீக்குக் கொடுத்த காசைச் சொல்ல வேண்டும். காலால் தள்ளியதைச் சொல்ல வேண்டும்.

"ஒண்ணுமில்ல," என்றார்.

அவள் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

காற்றுதான். வெயிலில் நடந்த கண்ணு, என்னத்தையாவது காட்டும். செத்ததாவது வாரதாவது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தார். பின்னால் கயிற்றுச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது, முன்னைவிட மெதுவாக, முன்னைவிடக் கனமாக. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.