தேஜப்பாவின் பங்கு

யாரும் யாரையும் நம்பாத தொழில் என்னுடையது. அதனால்தான் கணினிக்கு ரேம் போடும்போது ஒவ்வொரு பட்டையிலும் வீட்டுக்காரர் கண்முன்னாலேயே மார்க்கரால் கையெழுத்துப் போடுவேன். தேஜப்பாவின் கணினியிலும் அப்படித்தான் போட்டேன், எட்டும் எட்டும் பதினாறு ஜிபி. கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற மனிதர் அவர். பத்தே நாளில் மாரடைப்பில் போய்விட்டார்.

ஆடி மழையில் மூல்கியிலுள்ள அந்த வீட்டுக்கு நான் மறுபடி போனது, என் பெயரைக் காப்பாற்ற. அவர் தம்பி பாபு கணினியைத் திறந்தால் பன்னிரண்டுதான் காட்டுகிறதாம். நான்தான் ஓர் எட்டைக் கழற்றி நாலைச் செருகிவிட்டேன் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். இந்தப் பேச்சு நிலைத்தால் அப்புறம் எனக்கு எவன் பெட்டியைத் திறக்கக் கொடுப்பான்?

பாபுவை எதிரில் உட்கார வைத்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளிருந்து பீடி வாசம் வந்தது. பாபு பீடி பிடிப்பதில்லை; தேஜப்பாதான் ஓயாமல் பிடிப்பார்.

இரண்டு பட்டையிலும் என் கையெழுத்து. இரண்டும் எட்டுதான்.

ரப்பரால் தேய்த்துத் துடைத்தேன். இடம் மாற்றிச் செருகினேன். முதல் திரை பதினாறு என்றது. உள்ளே போனால் பன்னிரண்டு. மீதி நாலு 'ஒதுக்கப்பட்டது' என்றிருந்தது. யாரோ அமைப்பில் வரம்பு வைத்திருக்கிறார்கள் என்று பாபுவைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். தேடிப் பார்த்தால் வரம்பு எதுவும் இல்லை.

ஒரு பட்டையைக் கழற்றினேன். எட்டில் நாலு ஒதுக்கம்.

அதை எடுத்துவிட்டு மற்றதைச் செருகினேன். அப்போதும் நாலு.

தேஜப்பாவின் மனைவி குலாபியக்கா உள்ளறை வாசற்படியில் வந்து நின்றார். மத்தியானச் சோறு ஆகியிருந்தது. கணவருக்குப் படையலாக உள்ளே இலை போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் பங்கை எடுத்து வைக்காமல் இந்த வீட்டில் யாரும் வாய் வைப்பதில்லை.

"அத விட்டுடு சதானந்தா," என்றார் மெதுவாக. "அது அவர் பங்கு."

பாபு சிரித்தான். "அண்ணி சொல்றதக் கேட்டுட்டு நீ தப்பிச்சுப் போயிடலாம்னு பாக்காத மாராயா."

எனக்குச் சுருக்கென்றது. பையிலிருந்து என் சொந்த டிஸ்கை எடுத்து, தேஜப்பாவின் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டினேன். பிசகு பழைய டிஸ்கில் இருந்தால் தெரிந்துவிடும்.

திரை வந்தது. பதினாறு. ஒதுக்கம் ஒன்றுமில்லை.

பழைய டிஸ்கை மறுபடி மாட்டினேன். அதிலும் பதினாறு!

பாபுவின் முகம் தொங்கிப் போயிற்று. கடைத்தெருவில் நானே போய்ச் சொல்கிறேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று, பொய் சொல்வானேன்.

அப்போது உள்ளறையில் ஏதோ சரசரத்தது.

குலாபியக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பாதிச் சாப்பாட்டுல இலைய மூடிட்டு எழுந்துட்டார்," என்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். சோறு பிசைந்த இலை இரண்டாக மடிந்து கிடந்தது. அந்த அறைக்கு ஒரே வாசல்தான். அதில் அக்கா நின்றிருந்தார்.

என் டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு மழையோடு மழையாகக் கடைக்கு வந்து சேர்ந்தேன்.

இது நடந்து ஒரு மாதம். பாபு வாக்குத் தவறவில்லை, என் நேர்மையைப் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்கிறான். அவன் பெட்டியில் இன்றும் பதினாறு இருக்கிறதாம். அண்ணி போடுகிற இலையை மட்டும் இப்போதெல்லாம் எதுவும் தொடுவதில்லையாம்.

என் கடைக் கணினியில் பன்னிரண்டு.

அதற்குப் பின் நான் கை வைத்த பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. எல்லாவற்றிலும் நாலு குறைகிறது. நேற்று ஒருவர் என்னைத் திருடன் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். மார்க்கர் கையெழுத்தைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

வேறு வழி தெரியாமல் இன்று மத்தியானம் கடையின் பின்னறையில் ஓர் இலை போட்டேன். என் தூக்குச் சோற்றில் பாதியை வைத்துக் கும்பிட்டு, "குலாபியக்கா காத்திருக்காங்க, வீட்டுக்குப் போங்கண்ணா," என்று கெஞ்சினேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தேன்.

பீடி வாசம் வந்ததும் திறந்தேன்.

மூடாத இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.