உப்புக் கோட்டையில் விழித்திருந்தவள்

ராணி தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். பூங்கொடிக்கு அது நன்றாக நினைவிருந்தது.

ஊத்தங்கரையில் பத்தாவது படித்தபோது நூலகத்திலிருந்து எடுத்து இரண்டு தடவை படித்த நாவல் அது. அட்டை கழன்று, மூலைகள் மடங்கி, எத்தனையோ விரல்கள் பட்டுப் பழுத்துப்போன 'வச்சிரபாகு யாத்திரை'. வச்சிரபாகு கடலைத் தாண்டுவான், பேசும் மரங்களின் காட்டைத் தாண்டுவான், மூன்றாம் நாள் உப்புக் கோட்டைக்குள் நுழைவான். நடு மண்டபத்தில் உப்புக் கட்டிலில் ராணி படுத்திருப்பாள். நூறு வருஷத் தூக்கம். அவள் காலடியில் கிடக்கும் சாவியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு அவன் போய்விடுவான். மொத்தக் கதையிலும் ராணிக்கு அவ்வளவுதான் வேலை.

செல்போனில் இருந்த நாவலில் ராணி கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது என்று பூங்கொடி நினைத்துக்கொண்டாள். அம்மை வார்த்து அது ஐந்தாவது நாள். கன்னட எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் நெடுஞ்சாலைக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் மூன்றாவது அவர்களுடையது. உள்ளறையில் வெள்ளை வேட்டி விரித்து வேப்பிலை பரப்பி அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். இரண்டு வயது மகள் தேன்மொழியைப் பக்கத்து வீட்டில், வீட்டுக்காரம்மா ஜோதியம்மாளிடம் விட்டிருந்தது. புருஷன் பெரியதம்பிக்குத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. காலையில் கூழையும் இளநீரையும் வாசற்படியில் வைத்துவிட்டுக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவான். நாள் முழுக்கச் சும்மா கிடந்து சொறிந்துகொள்ளாமல் இருக்கட்டும் என்று, கூட வேலை செய்யும் அப்பாஸிடமிருந்து ஒரு பழைய கலர் போனை வாங்கி வந்து கொடுத்திருந்தான். அதில் பாட்டோடு பாட்டாக இந்த நாவலும் இருந்தது. பக்கங்களைப் படமாக்கிப் போட்டிருந்தார்கள். ஒரு திரைக்கு ஏழு வரி. நடுப் பொத்தானை அமுக்கினால் அடுத்த ஏழு வரி.

மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. மின்விசிறி ஓய்ந்து நிற்க, அடைத்த ஜன்னலுக்கு வெளியே செக்போஸ்ட்டை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்த லாரிகளின் உறுமலும், வாடிப்போன வேப்பிலையின் கசந்த வாடையும், ஐந்து நாளாகத் தண்ணீர் படாத தன் உடம்பிலிருந்து கிளம்பிய புளித்த மோர் போன்ற நாற்றமும் அந்தச் சின்ன அறையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன. போனின் வெளிச்சம் மட்டும் அவள் முகத்தில் விழுந்தது. அவள் படித்தாள்.

ராணிக்குத் தோல் இல்லை என்று எழுதியிருந்தது. உரித்துத் தொங்கவிட்ட ஆட்டுத்தொடையைப் போல ஈரமாக இருந்தாள். ஈ வந்து உட்கார்ந்தால் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் புரண்டபோது உப்புக் கட்டிலில் இருந்து பிசுக்கென்று பிரிந்து வந்தாள். வச்சிரபாகுவைப் பார்த்து, "உன்னிடம் உதிர்வது ஏதாவது இருந்தால் கொடுத்துவிட்டுப் போ. நீ வேண்டாமென்று போடுவதைத்தானே கேட்கிறேன்" என்றாள்.

பூங்கொடி போனைக் கவிழ்த்து வைத்தாள். சற்று நேரம் கழித்து மறுபடி எடுத்தாள். சாவி என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டியிருந்தது.

உப்புக் காற்று பட்டு வச்சிரபாகுவின் உடம்பில் கொப்புளங்கள் எழும்பின. எங்கெங்கே என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தது. இடது காதுக்குப் பின்னால் வரிசையாக மூன்று. பூங்கொடி கையைக் கொண்டுபோய்த் தடவினாள். மூன்று. வலது காலில் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒன்று. இருந்தது. தொப்புளின் உள்விளிம்பில் ஒன்று. இருந்தது. நாக்குக்கு அடியில் ஒன்று.

அங்கே அவளுக்கு எதுவும் இல்லை. இல்லை என்றுதான் நினைத்திருந்தாள். நாக்கை மடக்கித் துழாவினாள். வழவழவென்று ஏதோ நெருடியது. அழுத்தியதும் உடைந்தது. வாயெல்லாம் உப்பு.

வாசற்படியில் இருந்த சொம்பை எடுத்து வாய் கொப்பளித்துத் துப்பினாள். அம்மைக் காய்ச்சலில் கண்டதும் தோன்றும் என்று சொல்லிக்கொண்டாள்.

ஏழாம் நாள் கொப்புளங்கள் காய்ந்து பொருக்காடின. காய்ந்த பொருக்குகள் வேட்டியில் உதிர, அவற்றைக் கூட்டி ஒரு செய்தித்தாளில் சேர்த்து வைத்தாள். கண்ட இடத்தில் போடக்கூடாது, மரத்தடியில் புதைத்துவிடலாம் என்று ஜோதியம்மாள் சொல்லியிருந்தாள். பழுப்புநிறத்தில், விளிம்பு சுருண்டு, கடுகு அளவிலும் துவரை அளவிலும் ஒரு கைப்பிடி சேர்ந்திருந்தது. அதைத் தலைமாட்டில் போனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தாள்.

எழுந்தபோது தாள் காலியாக இருந்தது. துடைத்தாற்போல.

எறும்பு இழுத்துப்போயிருக்கும். எறும்புச் சாரை எதுவும் கண்ணில் படவில்லை. போனை எடுத்தாள். நடுப் பொத்தான் ஒட்டியது. அமுக்கிய கட்டைவிரலை எடுக்கும்போது தோலும் கொஞ்சம் கூடவே எழும்பி வந்தது. முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தில் மஞ்சளாக ஒரு கறை. மோந்து பார்த்திருக்கக் கூடாது. பழைய புண்கட்டைப் பிரிக்கும்போது வரும் வாடை.

பூங்கொடிக்கு வேலை செய்யும் கம்பெனியில் உதிரிபாகங்களைப் பூதக்கண்ணாடி வைத்துக் குறை பார்க்கும் வேலை. மயிரிழை விரிசலைக்கூட விடமாட்டாள். பொத்தான்களின் இடுக்கில் பழுப்பாக அடைத்திருந்தது என்னவென்று அவளுக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஜாக்கெட்டிலிருந்து ஊக்கை எடுத்துக் குத்தி நெம்பினாள். ஒரு பொருக்கு வந்தது. அடுத்ததும் வந்தது. அவை தனித்தனியாக இல்லை. ஒன்றோடொன்று ஓரம் சேர்ந்து ஒட்டிப் பிடித்திருந்தன. ஊக்கை இழுக்க இழுக்க நாடா மாதிரி நீளமாக, ஈரமாக, உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்தது. ஒரு விரல் நீளம். இரண்டு விரல். அதில் பூனைமயிர் முளைத்திருந்தது.

அவள் ஊக்கை விட்டதும் அது தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டது.

போன் சூடாக இருந்தது. காய்ச்சல்காரர் நெற்றியைப் போல.

திரையில் ஏழு வரி. அவள் எதையும் அமுக்கவில்லை. ராணி சொல்லிக்கொண்டிருந்தாள்: "பயப்படாதே. நான் உனக்குள் வரமாட்டேன். உள்ளே எல்லாருக்கும் ஈரந்தான், என்னைப் போலவே. எனக்கு வேண்டியது மேலே."

அன்று ராத்திரி பெரியதம்பி வந்து உள்ளறை வாசலில் நின்றான். மெஷின் ஆயில் வாடை அவனோடு வந்தது. அம்மை வார்த்த அறைக்குள் அவன் வரக்கூடாது. நிலையைப் பிடித்துக்கொண்டு, "எப்படி இருக்குது புள்ள?" என்றான்.

"இந்தப் போனை எடுத்துட்டுப் போயிருங்க."

"ஏன், கெட்டுப்போச்சா?"

"அதுல இருக்கற கதை சரியில்ல. அந்த ராணி முழிச்சிக்கிட்டு இருக்கா. எனக்கு எங்கெங்க அம்மை போட்டிருக்குதோ எல்லாத்தையும் சொல்றா." சொல்லும்போதே கேட்க நன்றாயில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. "பொத்தானுக்குள்ள பாருங்க. என் பொருக்கு இருக்குது."

அவள் தள்ளிவிட்ட போனை அவன் குனிந்து எடுத்தான். விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "சுத்தமாத்தானே இருக்குது." பொத்தானை அமுக்கினான். எழுத்துக்கூட்டிப் படிப்பவனைப்போல மெதுவாக வாய்விட்டுப் படித்தான். "மண்டபத்தின் நடுவே ராணி உறங்கிக்கொண்டிருந்தாள். சாவி அவள் பாதத்தருகே கிடந்தது." நிமிர்ந்தான். "தூங்கிக்கிட்டுத்தானே இருக்கா புள்ள?"

பூங்கொடி அவன் வாயைப் பார்க்கவில்லை. கட்டைவிரலைப் பார்த்தாள். பொத்தானிலிருந்து விரலை எடுத்தபோது நூல்நூலாக எச்சில் போல ஒன்று நீண்டு அறுந்தது. அவன் அதைக் கவனிக்காமல் சட்டையில் தேய்த்துக்கொண்டான்.

"பாப்பா எப்படி இருக்கா?"

"ஜோதியக்கா ஊட்டிவிட்டா நல்லாத் திங்கறா. பாட்டின்னு சொல்லாம, அஜ்ஜி அஜ்ஜின்னு கன்னடத்துலயே கூப்பிடறா." சிரித்தான். "நாளைக்கே அப்பாஸ்கிட்டக் குடுத்தறேன். நீ எதையும் நெனைக்காத, தூங்கு."

மறுநாள் கொடுத்தும்விட்டான். அறை லேசானது. மூன்று நாள் அவள் நன்றாகத் தூங்கினாள். சுவருக்கு அந்தப்பக்கம் தேன்மொழி சிரிப்பதும், சோற்றுக்கு அடம்பிடிப்பதும் கேட்கும்போது மார்பு வலித்தது. குழந்தையைத் தூக்கிப் பத்து நாளாகிறது. பொருக்குகள் ஏறக்குறைய எல்லாமே உதிர்ந்துவிட்டன. ஆனால் வேட்டியை உதறினால் ஒன்றுகூட விழவில்லை. பாயைத் தூக்கிப் பார்த்தாள். மூலையெல்லாம் கூட்டிப் பார்த்தாள். எங்கே போயின என்று யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

பதினோராம் நாள் முதல் தண்ணீர். காலையிலேயே ஜோதியம்மாள் கொல்லையில் பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்திருந்தாள். உச்சிவெயிலில் வந்து கதவைத் தட்டினாள்.

"வா பூங்கொடி. தண்ணி நல்லாக் காஞ்சிருக்குது. ஊத்திட்டா பாப்பாவத் தூக்கிக்கலாம்."

பதினோரு நாளுக்குப் பிறகு பார்த்த வெளிச்சத்தில் கண் கூசியது. துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்தாள். தட்டி மறைப்புக்கு அந்தப்பக்கம் தேன்மொழி மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். கொலுசுச் சத்தம் கேட்டது.

அண்டாவில் தண்ணீருக்கு மேலே ஆடை படிந்திருந்தது. காய்ச்சி ஆறிய பாலில் படிவது போல. ஆனால் தடிமனாக. மஞ்சள் நிறத்தில். ஓரமெல்லாம் அண்டாவைப் பிடித்துக்கொண்டு, நடுவில் லேசாகத் தொய்ந்து.

"தூசி அடைஞ்சிருக்குது" என்றாள் ஜோதியம்மாள்.

தூசி இல்லை. பூங்கொடியின் கண்ணுக்கு ஒரு பார்வை போதும். அதில் மயிர்க்கால்கள் இருந்தன. ஆயிரம் ஆயிரமாக, சீராக. துவரை அளவுத் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்த தையல்கள் தெரிந்தன. ஓரிடத்தில் சுழித்துக் குழிந்திருந்தது. தொப்புள்.

காற்றில்லை. ஆனாலும் அது மெல்ல ஏறி இறங்கியது.

"அக்கா. அந்தத் தண்ணி வேண்டாம்."

"ஆத்தாளுக்கு வெச்ச தண்ணிய வேண்டாங்கக் கூடாது. கண்ண மூடிக்க."

"அக்கா, அது தண்ணி இல்ல. என்னோட..."

அவள் எழுந்தாள். பதினோரு நாள் கூழில் கிடந்த கால்கள் மடங்கின. ஜோதியம்மாள் ஒரு கையால் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்து, மறுகையால் பெரிய சொம்பை அண்டாவுக்குள் முக்கி எடுத்தாள்.

முதலில் உச்சந்தலையில் விழுந்தது தண்ணீர்தான். வெதுவெதுப்பாக.

பிறகு வேறு ஒன்று. கனமாக. ஈரத்துணியைத் தலையோடு போர்த்தியது போல. நெற்றியில் இறங்கியது. கண்ணுக்கு வந்ததும் நின்றது. இமையின் இடத்தைத் தேடியது. கண்டுபிடித்தது.

மூக்கு. உதடு. உதட்டின் உள்பக்கம். அந்தப் புண்வாடை. அந்த உப்பு.

அதன்பிறகு அது வேகமாகப் போனது. இடது காதுக்குப் பின்னால் மூன்று இடத்தில் நறுக்கென்று பொருந்தியது. கையுறை மாட்டுவது போல விரல்களுக்குள் விரல்கள் நுழைந்தன. ஒன்று. இரண்டு. பத்தும். காலுக்கடியில் போய்ச் சேர்ந்து மூடிக்கொண்டது.

பூங்கொடி கத்தினாள். உள்ளே கத்தினாள். வெளியே உதடுகள் புன்னகை செய்தன.

"பாரு" என்றாள் ஜோதியம்மாள். துண்டால் துவட்டிக்கொண்டே அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு தழும்பு இல்ல. யாருக்கு இப்படி வாய்க்கும்? ஆத்தா ஒன்ன அப்படியே விட்டுட்டுப் போயிட்டா."

"ஆமாங்க்கா" என்றது அவள் குரல்.

"பாப்பா, இல்லி பா. இங்க வா, அம்மா பாரு" என்று ஜோதியம்மாள் கூப்பிட்டாள்.

கொலுசு ஓடி வந்தது. மண் ஒட்டிய கைகளை நீட்டிக்கொண்டு தேன்மொழி அவள் மடியில் விழுந்தாள். பூங்கொடிக்கு அந்தக் கனம் தெரிந்தது. சூடு தெரியவில்லை. தடித்த துணிக்கு அந்தப்பக்கமிருந்து தொடுவது போல. ஓடிரு, பாப்பா, ஓடிரு என்று சொன்னாள். நாக்கு அசையவில்லை. தலை குனிந்து உதடு குழந்தையின் உச்சியை முத்தமிட்டது.

"நான் போய்ச் சோறு போட்டு வைக்கறேன்" என்று ஜோதியம்மாள் உள்ளே போனாள்.

கொல்லையில் யாரும் இல்லை. வெயில். லாரிச் சத்தம்.

கை குழந்தையின் முதுகை வருடியது. மெதுவாக, ஆசையாக, துணி எடுக்க வந்தவள் துணியைத் தடவிப் பார்ப்பது போல. பிடரிக்குப் போனது. முடியை ஒதுக்கியது. வெள்ளையாக, வழவழப்பாக, பால்வாடை மாறாத இடம்.

ஆள்காட்டி விரலின் நகம் அங்கே நின்று, சுருட்டிய டேப்பின் முனையைத் தேடுவது போல, தோலின் ஓரம் எங்கே தொடங்குகிறது என்று கீறிக் கீறிப் பார்க்க ஆரம்பித்தது.

தேன்மொழிக்குக் கூச்சமாக இருந்தது போல. கழுத்தைச் சுருக்கிக்கொண்டு கலகலவென்று சிரித்தாள்.