நான் பார்த்துக்கறேன்

பழைய கட்டடத்துக்கு ஆள் அனுப்ப வேண்டுமென்றால், எதிர்த்துப் பேசத் தெரியாதவர்களின் முகம்தான் மேட்ரனுக்கு முதலில் நினைவுக்கு வரும். அன்று காலை அந்த யோகம் குழந்தைகள் வார்டு நர்ஸுக்கு அடித்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைச் சின்ன சிஸ்டர் என்பார்கள். உருவம்தான் சின்னது, வீட்டில் ஐந்து வயதில் ஒரு மகள் இருந்தாள்.

"இன்னைக்கு மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. மதியம் மாத்தி விட ஆள் வந்துடும்."

"மேடம், பாப்பாவுக்குக் காய்ச்சல். மதியம் கண்டிப்பா போயாகணும்."

"வந்துடுவாங்கன்னு சொல்றேன்ல?"

இந்த ஆஸ்பத்திரியில் அதிகம் செலவாகும் மருந்து எது என்று கேட்டால், சின்ன சிஸ்டர் அட்ஜஸ்ட் என்றுதான் சொல்வாள். நர்ஸுகள் ஓய்வு பெறுவார்கள், வேலையை விட்டுப் போவார்கள். அந்த இடங்களுக்கு யாரும் வரமாட்டார்கள். இருக்கிறவர்கள் தலையில் எல்லாம் வந்து விழும்.

பழைய கட்டடத்து வார்டு நீளமாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் படுக்கைகள், உயரத்தில் புகை படிந்த கூரை, சுவரெல்லாம் ஈரம். வெளியே மழை கொட்டியதால் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. கடைசியில் இருந்த துணி அறையின் கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. உள்ளேயிருந்து பினாயிலும் பழைய முகப் பவுடரும் கலந்த ஒரு வாசனை வந்தது.

ஜன்னலோரப் படுக்கையில் ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். சர்க்கரைப் புண்ணோடு அடிக்கடி வந்து படுப்பவர்.

"தனியாவா வந்தீங்க சிஸ்டர்?"

"பின்னே, பேண்டு வாத்தியத்தோட வரணுமா?"

அவர் சிரிக்கவில்லை.

"ரொம்ப வருஷம் முன்னாடி நான் படுத்திருந்தப்பவும் இங்க ஒருத்தங்கதான். மாத்தி விட ஆள் வரல. ராத்திரியும் அவங்களே பார்த்தாங்க, மறுநாளும் அவங்களே பார்த்தாங்க. கொஞ்சம் உட்கார்றேன்னு துணி ரூமுக்குப் போனவங்க, உட்கார்ந்த மேனிக்கே போய்ச் சேர்ந்துட்டாங்க."

சின்ன சிஸ்டர் துணி அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அவங்க இடத்துக்கு வேற ஆள் போடலையா?"

"அவங்க போனாத்தானே இடம் காலியாகும்?" என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மதியம் வந்தது. ஆள் வரவில்லை. மழையில் பஸ் ஓடவில்லை, இன்னும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு என்று மேட்ரன் போனை வைத்துவிட்டார். ஒருவருக்கு மூச்சுத் திணறல், இன்னொருவருக்கு வாந்தி, ஒருவர் டிரிப் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். சின்ன சிஸ்டர் பம்பரமாகச் சுழன்றாள். காலையில் வாயில் வைத்த தண்ணீர்தான், கழிப்பறைக்குப் போகக்கூட நேரமில்லை.

கணவன் போன் செய்தான். "உடம்பு அனலா கொதிக்குது. போன வருஷம் மாதிரி வலிப்பு வந்துடுமோன்னு பயமா இருக்கு. நீ எப்ப வருவே?"

"நெத்தியில ஈரத்துணி போட்டுக்கிட்டே இருங்க. மருந்து கொடுத்தீங்கல்ல? தூங்கிடாதீங்க. இதோ வந்துடறேன்."

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல் பார்க்கிறவள் அவள். சொந்தப் பிள்ளைக்கு மட்டும் போனில்தான் பார்க்க முடிந்தது. ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் கவனித்தாள். நிரப்ப மறந்திருந்த தண்ணீர்க் குவளைகள் நிரம்பியிருந்தன. கலைந்து கிடந்த விரிப்புகள் மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தன. ஒவ்வொரு மூலையும் தபால் உறை மாதிரி மடிப்பு. பயிற்சிக் காலத்தில் கற்றுக்கொண்ட மடிப்பு அது. அப்படி மடிக்க இப்போது யாருக்கு நேரம் இருக்கிறது?

ஆயா செய்திருப்பாள் என்று நினைத்தாள். ஆயா காலையிலேயே வேறு வார்டுக்குப் போய்விட்டது நினைவுக்கு வர, அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது.

ஒரு கால் சத்தமில்லாமல் வந்தது. மறு கால் மட்டும் கிறீச்.

"அப்பாடா, வந்துட்டீங்களா! வாங்கக்கா, சீக்கிரம் ஒப்படைச்சுட்டு ஓடணும்."

நர்ஸுகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. போகிறவள் படுக்கை படுக்கையாக நடந்து, யாருக்கு என்ன என்று வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். வருகிறவள் "வேற?" என்று கேட்பாள். எல்லாம் முடிந்ததும் "சரி, நான் பார்த்துக்கறேன்" என்பாள். அந்தச் சொல் விழுந்த பிறகுதான் போகிறவள் வாசலைத் தாண்டலாம். எடுத்துக்கொண்டவளிடமிருந்து இன்னொருத்தி எடுக்கிற வரைக்கும் எல்லாம் அவள் பொறுப்பு. ஒப்படைக்கும்போது கண் முழுக்க நோயாளி மேலும் டிரிப் மேலும்தான் இருக்கும். பக்கத்தில் நிற்பவளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

சின்ன சிஸ்டரும் பார்க்கவில்லை. அவளை ஒட்டியே வெள்ளைக் கவுனின் விளிம்பு நகர்ந்து வந்தது.

"இவருக்கு டிரிப் முடியப் போகுது."

"ம்."

"இந்தத் தாத்தாவுக்கு ஆக்சிஜன் எடுக்கக் கூடாது."

"ம்."

ஜன்னலோரம் வந்தபோது கண்டக்டர் போர்வையைத் தலைவரை இழுத்து மூடியிருந்தார். போர்வை நடுங்கியது. குளிர் என்று நினைத்து அதையும் சொல்லி ஒப்படைத்தாள்.

"வேற?" காதோரம் ஒரு கிசுகிசுப்பு. பவுடர் வாசனை.

சின்ன சிஸ்டர் பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். "வேற என்னக்கா, வீட்ல என் பொண்ணுக்குக் காய்ச்சல். கூட ஆள் இருந்தும் இல்லாத மாதிரி. அதான் ஓடறேன்."

சாவி கையில் சிக்கியது.

"சரி. நான் பார்த்துக்கறேன்."

கிடைத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். தேங்கிய தண்ணீரில் பஸ் ஊர்ந்தது. பாதி வழியில் போன் அடித்தது.

"சிஸ்டர், மன்னிச்சுக்கோங்க, மழையில மாட்டி இப்பத்தான் வந்து சேர்ந்தேன். வார்டை அப்படியே விட்டுட்டுப் போயிட்டீங்களே?"

"உங்ககிட்டதானே ஒப்படைச்சேன்?"

"என்கிட்டயா? நான் இன்னும் தலைகூடத் துவட்டல!"

தன்னை ஒட்டி நகர்ந்து வந்த அந்த விளிம்பு அவள் நினைவுக்கு வந்தது. வெள்ளைக் கவுன். இப்போது யார் கவுன் போடுகிறார்கள்? எல்லோருக்கும் சட்டையும் பேண்ட்டும் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

"எல்லாரும்... நல்லா இருக்காங்களா?"

"நல்லாத்தான் இருக்காங்க. டிரிப்பெல்லாம் மாத்தியிருக்கு. சரி விடுங்க, இனிமே வார்டை நான் பார்த்துக்கறேன்."

போன் நின்றது. வார்டை வாங்கிக்கொள்ள ஆள் வந்தாயிற்று. கவுன் போட்ட அந்தப் பெண்மணிக்கு வார்டில் இனி வேலையில்லை.

ஆனால், அவள் ஒப்படைத்தது வார்டை மட்டுமா?

மீதி வழியை எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கணவன் நாற்காலியில் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தான். மகளின் நெற்றியில் நான்காக மடித்த ஈரத்துணி. தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது.

விரிப்பு மெத்தைக்கு அடியில் செருகியிருந்தது. மூலைகளில் தபால் உறை மடிப்பு.

பாய்ந்து மகளை வாரி எடுத்தாள். விரிப்பும் சேர்ந்து கலைந்து வந்தது. குழந்தை நெளிந்தது.

"விடும்மா. ஆன்ட்டி திட்டுவாங்க."

"எந்த ஆன்ட்டி?"

"தொப்பி போட்ட ஆன்ட்டி. இனிமே அவங்கதான் என்னைப் பார்த்துப்பாங்களாம்."

சின்ன சிஸ்டர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்று அவளுக்குத் தெரியும். குரலை வரவழைத்துக்கொண்டு வெறும் அறையிடம் பேசினாள்.

"அக்கா... நான் வந்துட்டேன். என் பொண்ணை என்கிட்ட ஒப்படைச்சுடுங்க. நான் பார்த்துக்கறேன்."

பவுடர் வாசனை அடர்ந்தது.

குழந்தை கழுத்தைத் திருப்பிக் கட்டில் பக்கம் எதையோ பார்த்தது. கேட்டுக்கொள்வது போலத் தலையாட்டியது.

"அவங்க டூட்டி இன்னும் முடியலையாம், அம்மா."

கிறீச்.

கட்டிலின் அந்தப் பக்கம், கலைந்து தொங்கிய விரிப்பின் மூலை மெல்ல மேலே எழுந்து, உறைபோல மடிந்து, மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டது.