மாறன் முகமூடியைக் கழற்றிய பக்கம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லீலாபாய் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தபோது, ஞானையன் வாத்தியார் விரித்த குடையோடு அப்படியே வீட்டுக்குள் வந்துவிட்டார். குடையை மடக்க மறந்த மனிதர் ஏதோ மன வெப்ராளத்தில் இருக்கிறார் என்று சொல்லப் பெரிய மூளை வேண்டாம். ஆனால் அதற்கு மேல் ஏதாவது தெரியவேண்டும் என்றால் புதுக்கடை ஊர்க்காரர்கள் லீலாபாயிடம்தான் வருவார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வயிற்றுவலி என்று வருகிறவனுக்கு உண்மையில் எங்கே வலி என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு.

"அக்கா, ஒரு பாவம் நடக்கப்போவுது. நீங்கதான் தடுக்கணும்," என்றார் வாத்தியார்.

"யாரு செய்யப்போறா?"

"நாங்கதான்."

முன்னறையில் தையல் மிஷின் சட்டென்று நின்றது. லீலாபாயின் தம்பி குமாரதாஸ் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தான். நாற்பது வயதாகியும் துப்பு என்றால் அவனுக்குப் பச்சைப்பிள்ளை ஆசை.

"மரியான் காரியமா சாரே? நான் அப்பவே நெனச்சேன், இதுல ஒரு வெளியாளு இருக்கான்!"

"லேய் தாசா, செத்த நேரம் சும்மா இரி. அவரு சொல்லட்டு."

வாத்தியார் கையிலிருந்த விடைத்தாள் கட்டை நனையாமல் பெஞ்சில் வைத்தார். "இந்த மாசம் முழுக்க இதே கண்றாவிதான் அக்கா, தலை நிமிர நேரமில்ல. ரெண்டு பயலுவ வட்டக்கோட்டையக் கொண்டுபோயி திருவனந்தபுரத்துப் பக்கத்துல வச்சிருக்கானுவ. சரியான விடைன்னா ரெண்டு பேருக்கும் வரும். ஒரே தப்பு எப்பிடி ரெண்டு பேருக்கு வரும்? ஒருத்தன் மத்தவனப் பாத்து எழுதியிருக்கான்!" என்று கோபப்பட்டவர், வந்த காரியம் ஞாபகம் வந்து மறுபடியும் வாடிப்போனார்.

காரியம் இதுதான். புதுக்கடை வாசகசாலையில் நாலு பேர் சேர்ந்து ஒரு படக்கதைச் சங்கம் வைத்திருந்தார்கள். மீசை நரைத்தவர்கள் பொம்மைப் புத்தகம் பார்க்கிறார்கள் என்று ஊரே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டுமே! 'படக்களஞ்சியம்' மாதம் ஒரு பிரதி சென்னையிலிருந்து நாகர்கோவில் வந்து, பஸ் ஏறிப் புதுக்கடைக்கு வரும். முதலில் சங்கத் தலைவர் கோலப்பன், பலசரக்குக் கடைக்காரர். அடுத்தது குமாரதாஸ். பிறகு செயலாளர் ஞானையன். கடைசியில் மரியான். வாசகசாலைக்குக் காவலாளும் அவன்தான். பின்னறையில் மனைவி பூங்கனியோடு குடியிருந்தான். எல்லாரும் வாசித்த பிறகு, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வட்டமாக உட்கார்ந்து, 'இந்த மாசம் நான் வாசிச்சது' என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்லவேண்டும். பிரசங்கம் மாதிரிப் பயபக்தியோடு நடக்கிற காரியம் அது.

இந்த மாதம் முகமூடி மாறன் கதை முடிகிற இதழ். இரண்டு வருஷமாக முகம் காட்டாதவன் கடைசிப் படத்தில் முகமூடியைக் கழற்றுகிறான். அதில் ஒரு எழுத்து கிடையாது, படம் மட்டும்தான்.

"போன ஞாயித்துக்கெழம கூட்டத்துல கோலப்பன் அண்ணாச்சி சொன்னாரு, நானும் சொன்னேன். தாசன் கல்யாணத் துணி தைக்கணும்னு வரல்ல. மரியான் முறை வந்துச்சு. அவன் எந்திரிச்சு, 'சாரே, எனக்குக் கிட்டினப்பவே கடைசித் தாளு இல்ல'ன்னான்."

"நீங்க என்ன சொன்னிய?"

வாத்தியார் துண்டால் முகத்தைத் துடைத்தார். மழைக் குளிரில் அவருக்கு வியர்த்திருந்தது.

"என் கையில முழுசா இருந்துச்சு, கண்ணால கண்டேன்னு சொன்னேன். உடனே அண்ணாச்சி, 'அப்போ இவன்தான் வெட்டினான், புஸ்தகத்தக் கிழிக்கிறவனுக்கு வாசகசாலையில என்ன வேலை'ன்னு குதிச்சிட்டாரு. இந்த ஞாயித்துக்கெழம அறையக் காலி பண்ணணும். பூங்கனிக்கு இது நெறமாசம் அக்கா. எங்க போவா?"

"அவன் வெட்டலேன்னு உங்களுக்குத் தோணுதா?"

"தோணுது."

"அப்போ உங்க கையில முழுசா இருந்தது?"

"அது... இருந்துச்சு," என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "வேற யாராவது செய்திருப்பா. அதக் கண்டுபிடிச்சுத் தாருங்க."

புத்தகத்தை எண்ணெய்த்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். லீலாபாய் கையைக் கழுவித் துடைத்து அதை விரித்தாள். கடைசித் தாள் பிளேடால் வெட்டப்பட்டு, தையல் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் துண்டு மிச்சம் இருந்தது. அதில் குதிரையின் வாலும் மாறனின் ஒரு காலும் மாட்டிக்கொண்டிருந்தன. துண்டைத் திருப்பினாள். அந்தப் பக்கம் வெறும் வெள்ளை ஓரம். வெட்டு, அந்தப் பக்கத்து ஒரு கட்டத்தின் கறுப்புக் கோட்டை ஒட்டியே மேலிருந்து கீழே நேராக இறங்கியிருந்தது.

"தாசா, மாறன் படத்த நீ வெட்டினா இப்பிடியா வெட்டுவ?"

"கால வெட்டிட்டா? எனக்கு என்ன பைத்தியமா அக்கா! தாளோட உருவியிருப்பேன்."

"இதுக்குப் பின்பக்கம் என்ன இருந்துச்சு?"

தம்பியும் வாத்தியாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "என்னமோ பொம்பளையளுக்குள்ள பக்கம்," என்றான் தாசன் அலட்சியமாக. "அத யாரு பாத்தா?"

"சரி வாத்தியாரே, அந்தக் கடைசிப் படத்துல என்ன நடக்குது?"

"பாறை மேல நிக்கான். பின்னால கடலு. கைய நீட்டி முகமூடியக் கடலுக்குள்ள வீசி எறியுதான்."

"கடலுக்குள்ளயா?" என்று தாசன் வாயைத் திறந்தான்.

"லேய் தாசா, மழை கூடிட்டு. கொடியில கெடக்க துணிய எடு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். துப்பறிகிற நேரத்தில் துணி எடுக்கச் சொல்கிற அக்கா வேறு யாருக்கும் வாய்க்கமாட்டாள் என்பது அவன் வருத்தம்.

மறுநாள் காலை அக்காவும் தம்பியும் கிளம்பினார்கள். வழியில் கோலப்பன் கடையில் காப்பித்தூள் வாங்கினாள் லீலாபாய். மூக்குக்கண்ணாடியில் ஒரு சில்லு இல்லாமல், அவர் பொட்டலத்தை மூக்குத் தொடும் அளவுக்குத் தூக்கிப் பார்த்து, மல்லித்தூளை நீட்டினார். "மாத்த நேரம் கெடைக்கல்ல, ஒரு மாசமா இந்தப் பாடுதான்," என்று சிரித்தார்.

வாசகசாலைப் பின்னறையில் சட்டி பானையெல்லாம் ஒரு பழைய சேலைக்குள் மூட்டையாகிவிட்டிருந்தன. சுவர் நிறைய மாறன் படங்கள். பழைய அட்டைகளிலிருந்து எடுத்தவை. குதிரையின் ஒரு மயிர்கூடச் சேதப்படாமல் நறுக்கி, சோற்றுப்பசையால் ஒட்டியிருந்தான் மரியான்.

"இதப் பாத்துதான் அண்ணாச்சி, திருடன் நீதான்னு பறஞ்சாரு," என்றான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை, வெட்கம்தான் இருந்தது. செய்யாத குற்றத்துக்கு ஒரு மனிதன் ஏன் வெட்கப்படவேண்டும் என்று கேட்டால், இவளை எங்கே கூட்டிப்போவது என்று தெரியாதவனுக்கு எல்லாமே வெட்கம்தான்.

"ஞானையன் சாரு சொன்னதுதான் எனக்கு வலிச்சு. அவரு நல்ல மனுசன், பொய் சொல்லமாட்டாரு. அப்போ எனக்கே ஒரு சந்தேகம், நான்தான் எங்கயாவது விட்டுட்டேனோன்னு."

பூங்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஜெபகுமாரி அக்கா பிள்ளைக்கு ரேந்தை வச்சுக் குல்லா தாறேன்னு சொல்லியிருக்காவ. போற எடத்த அவியகிட்ட மட்டும் சொல்லணும்."

ஜெபகுமாரி, ஞானையன் வாத்தியாரின் மனைவி. ரேந்தை என்பது தலையணை மேல் மாதிரித் தாளை வைத்து, பூவின் கோடு நெடுக ஊசி குத்தி, நூலைச் சுற்றிச் சுற்றிப் பின்னுகிற வேலை. அந்தப் பக்கத்து மிஷன் பெண்கள் பலருக்கு அது கைவந்த கலை.

லீலாபாய் அதற்குப் பிறகு அங்கே நிற்கவில்லை. நேரே வாத்தியார் வீட்டுக்குப் போனாள். சனிக்கிழமையானாலும் விடைத்தாள் வேலையாக வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இருந்தார். தாசனை வாசலில் நிறுத்திவிட்டு அவள் மட்டும் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தாள்.

"என்னக்கா கிட்டிச்சு? சொல்லு!"

"நாளைக்குச் சொல்லுதேன்."

"சவத்த விடு, இதுக்கா நான் வெயில்ல நின்னேன்!"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசகசாலையில் கூடினார்கள். கோலப்பன் நாற்காலியில், தாசன் பெஞ்சு நுனியில், மரியான் சுவரோரமாக நின்றுகொண்டு. ஞானையன் முகம் வெளுத்திருந்தது. முந்தின இரவு சோறு போட்ட மனைவி ஏனோ அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"எனக்குப் படக்கதை தெரியாது," என்றாள் லீலாபாய். "போன கூட்டத்துல நடந்தத ஒருக்க நடத்துங்க. கோலப்பன் அண்ணாச்சி, கடைசிப் படத்துல என்ன?"

"முகமூடியக் கடல்ல வீசுதான். என்ன ஒரு வீச்சு!"

"கடலா? அண்ணாச்சி, அவன் அதக் குதிரைக்கக் கழுத்துல மாட்டுதான்!" தாசன் துள்ளி எழுந்தான். அக்கா தடுத்து இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்தது அவன் வாயில் வெடித்தது. "கடலு பின்னால தூரத்துல கெடக்கு!"

"லேய், நீட்டின கைய நான் பாத்தேன்."

"கைய மட்டும் பாத்திய. கண்ணாடிச் சில்லு இல்லாம குதிரைக் கழுத்து தெரியல்ல," என்றாள் லீலாபாய். "கண்ணு பாத்ததுல பாதி, மனசு கூட்டினது பாதி. அது குத்தமில்ல. ஆனா வாத்தியாருக்குக் கண்ணு நல்லா இருக்கு. அவரும் கடலுன்னுதான் சொன்னாரு."

தாசன் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தான். லீலாபாய் தொடர்ந்தாள்.

"ஒரே தப்பு ரெண்டு பேருக்கு எப்பிடி வரும்? வெள்ளிக்கெழம இவரே எனக்குச் சொல்லித் தந்த பாடம். ஒருத்தரு பாத்தாரு. மத்தவரு, அவரு எந்திரிச்சுச் சொன்னதக் கேட்டு அப்பிடியே சொன்னாரு. விடைத்தாளு திருத்துற தெரக்குல வாத்தியாரு இந்த மாசம் புஸ்தகத்தத் தொறக்கவே இல்ல. பையில கெடந்தபடியே மரியானுக்குக் குடுத்தாரு. அப்போ 'முழுசா இருந்துச்சு'ங்கது சாட்சியே இல்ல. தாசன் பாத்த பொறவு, மரியானுக்குக் கிட்டுறதுக்கு முன்ன, தாளு வாத்தியாரு வீட்டுலதான் போயிருக்கு."

"அய்யோ, வாத்தியாரா வெட்டினாரு?" என்றார் கோலப்பன்.

"மாறனுக்கு ஆசப்பட்டவன் மாறனுக்கக் கால விட்டுட்டு வெட்டமாட்டான். வெட்டு, பின்பக்கத்துக் கட்டத்துக்க ஓரமாட்டு நேராப் போவுது. நீங்க நாலு பேரும் முன்பக்கத்தையே பாத்திய. வெட்டினவ பின்பக்கத்தப் பாத்தா."

கதவருகே வந்து நின்ற ஜெபகுமாரி உள்ளே வந்தாள். ஒரு கையில் வெள்ளை ரேந்தை வைத்த சின்னக் குல்லா, மறு கையில் மடித்த தாள். புருஷனை அவள் பார்க்கவில்லை.

"நான்தான் வெட்டினேன் மரியான். பின்னால ஒரு பூ மாதிரி போட்டிருந்தான். இவிய எப்பவும் வந்த அன்னைக்கே வாசிச்சிருவாவ, இனி தேவைப்படாதுன்னு நெனச்சேன், உனக்க முறை உண்டுன்னு தோணல்ல. கேட்டிருக்கணும், கேக்கல்ல, அது என் தப்பு. ஆனா உன்ன எறக்கிவிடப் போறாவன்னு நேத்து லீலாபாய் அக்கா சொல்லித்தான் தெரியும். வீட்டுல ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல்ல. சத்தியமா உனக்கப் பிள்ளைக்குத்தான் இத பின்னிக்கிட்டு இருந்தேன்."

கோலப்பன் உடைந்த கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு அப்போது யாரையும் தெளிவாகப் பார்க்கப் பிரியமில்லை.

லீலாபாய் மெல்ல வாத்தியார் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னைத் தேடி வந்ததுக்குக் காரணம் எனக்கு அன்னைக்கே மனசிலாச்சு. பொய்யும் வெளிய வரப்பிடாது, அவனும் தப்பிக்கணும். ரெண்டும் சேந்து நடக்காது வாத்தியாரே. இப்போ உங்க முறை. சங்க வழக்கப்படி எந்திரிச்சுச் சொல்லுங்க."

ஞானையன் எழுந்தார். எத்தனையோ மாதம் அந்த இடத்தில் நின்று கைவீசிக் கதை சொன்னவர். வகுப்பில் பிடிபட்ட பயல்களின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இப்போது அது தன் முகத்தில் இருப்பதும் தெரிந்தது.

"இந்த மாசம் நான் வாசிக்கல்ல," என்றார். "வாசிக்கல்லன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. தாளு இல்லன்னு மரியான் சொன்னப்போ, நான் அதப் பாக்கவே இல்லன்னு ஒத்துக்கிட முடியல்ல. பின்ன ஒவ்வொரு நாளும் சொல்லணும்னு நெனச்சேன், சொல்லல்ல."

மரியான் சுவரோரத்தை விட்டு ஒரு அடி முன்னால் வந்தான்.

"அதச் சொல்ல ஒரு வாயிதானே வேணும் சாரே. அதுக்கு எனக்கப் பொண்டாட்டி சட்டி பானையக் கெட்டணுமா?"

வாத்தியார் பின்னறைக்குப் போனார். மூட்டையின் முன்னால் தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். "வேண்டாம் சாரே, நான் அவுத்துக்கிடுதேன்," என்று பூங்கனி பதறினாள். அவர் நிறுத்தவில்லை. முடிச்சு இறுகியிருந்தது, அவர் நகத்தால் நெம்பினார்.

மரியான் ஜெபகுமாரியிடமிருந்து தாளை வாங்கி வந்து அவர் முன்னால் விரித்தான். "மொதல்ல இதப் பாருங்க. நானும் இன்னும் பாக்கல்ல."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். பாறை மேல் மாறன் நின்றான். நீட்டிய கை குதிரையின் கழுத்தில் முகமூடியை மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷம் மறைந்திருந்த முகம் நேராக அவர்களைப் பார்த்தது. அந்த முகம் நிறைய, பின்பக்கத்துப் பூவுக்காகக் குத்திய ஊசித் துளைகள். கடல் பின்னால் தூரத்தில் கிடந்தது. அதில் யாரும் எதையும் எறிந்திருக்கவில்லை.